படத்தை அப்புறம் காட்டுங்கள், முதலில் முடியைப் பற்றிச் சொல்லுங்கள்

பாலயாஜ் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம், ஒரு படத்தை ஃபோனில் சேமித்து வைப்பது. வேர்ப் பக்கம் கருமை, கீழே வர வரத் தேன் நிறம், நுனியில் கிட்டத்தட்டப் பொன் நிறம். அதை பார்லரில் நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறோம். ஸ்டைலிஸ்டும் தலையாட்டுகிறார். நாலைந்து மணி நேரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்தால் நுனி முழுக்கச் செம்பட்டை. காசும் போய், மனசும் நொந்து வீடு திரும்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரை யாரும் ஏமாற்றவில்லை. படத்தில் இருந்த முடி கிளம்பிய இடம் வேறு, இவர்கள் முடி கிளம்பிய இடம் வேறு. அதைப் பற்றி இரண்டு பக்கமும் யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நிதானமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பார்லர் நடத்தும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள் கடையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததிலும், அவளிடம் கேட்டதிலும், தேடிப் படித்ததிலும் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. பாலயாஜ் நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முதல் பத்து நிமிடப் பேச்சில் நாம் எதைச் சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதைப் பொறுத்தது அது.

பாலயாஜ் என்றால் என்ன என்பதில் தொடங்கலாம். ஸ்டைலிஸ்ட் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மேற்பரப்பிலும் பிரஷ்ஷால் ப்ளீச்சைத் தீட்டுகிறார். வேர்ப் பக்கம் தொடுவதே இல்லை, அல்லது லேசாகத் தொடுகிறார். நடுவிலிருந்து நுனிக்கு வர வர அழுத்தம் கூடுகிறது. அதனால் நிறம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முடி வளர்ந்து வந்தாலும் கோடு விழாது. ஹைலைட்ஸ் வேறு: மெல்லிய இழைகளைக் கோர்த்தெடுத்து, வேரிலிருந்தே ப்ளீச் தடவி ஃபாயிலில் மடிப்பார்கள். ஒழுங்காக, சீராக வரும்; இரண்டு மாதத்தில் வேரில் கருப்பு எட்டிப் பார்க்கும். ஓம்ப்ரே என்றால் மேலே கருமை, கீழே மொத்தமும் வெளிர். நம் ஊர் பார்லர்களில் 'குளோபல்' என்பது தலை முழுக்க ஒரே நிறம். சில விலைப்பட்டியல்களில் பாலயாஜையும் ஓம்ப்ரேயையும் ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அங்கே, "கையால தீட்டுவீங்களா, நுனி மொத்தமும் வெளுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

பாலயாஜ் 1970களில் பாரிஸில் வளர்ந்த முறை. அதன் பிறப்பிடமாக கரீட்டா சகோதரிகளின் சலூனைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தலையில் ஓட்டை போட்ட ரப்பர் தொப்பியை மாட்டி, கொக்கியால் முடியை வெளியே இழுத்து வெளுப்பது வழக்கமாக இருந்தது. அந்தச் செயற்கையான வரிகள் வேண்டாம், கோடை வெயிலில் தானாக வெளுத்த முடியாகத் தெரிய வேண்டும் என்றுதான் கையால் தீட்டத் தொடங்கினார்கள்.

அங்கே அது அவ்வளவு எளிதாக வந்ததற்கு அந்த ஊர் முடியும் ஒரு காரணம். சலூன்களில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 1 முழுக் கருப்பு. 10 மிக வெளிர்ந்த பொன். பாரிஸ் நாற்காலியில் உட்கார்ந்த பெண்களில் பலருக்கு இயற்கையிலேயே 5, 6, 7 என்று பழுப்பு முடி. திறந்த காற்றில் கையால் தீட்டும் ப்ளீச் பொதுவாக இரண்டு மூன்று படிதான் ஏற்றும். 6 உடன் மூன்றைக் கூட்டினால் 9. பொன் நிறம் வந்துவிட்டது. நம் முடியோ 1, 2, சிலருக்கு 3. இப்போது 2 உடன் மூன்றைக் கூட்டிப் பாருங்கள். 5. அது செம்மை கலந்த பழுப்பு. வெயிலில் நின்றால் தெரியும், அறைக்குள் வந்தால் அடங்கிவிடும். இந்தச் சின்னக் கூட்டல் மனதில் இருந்தால், பார்லரில் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

சரி, ஏன் எப்போதும் செம்பட்டையில் போய் நிற்கிறது? முடிக்கு நிறம் தருவது மெலனின். அதில் கருப்பும் பழுப்புமான யூமெலனின் ஒரு வகை, செம்மஞ்சளான ஃபியோமெலனின் இன்னொரு வகை. ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகளும், டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து முடிக்குள் புகுந்து இந்த மெலனினை உடைக்கின்றன. கருமை சீக்கிரம் உடைகிறது. செம்மையும் மஞ்சளும் கடைசி வரை நிற்கின்றன. அதனால் எந்தக் கருப்பு முடியை வெளுத்தாலும் அது ஒரே வரிசையில்தான் போகும்: கருஞ்சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள், பொன்மஞ்சள், மஞ்சள், கடைசியில் வெளிர் மஞ்சள். உரித்த வாழைப்பழத் தோலின் உட்புறம் என்று அந்தக் கடைசிப் படியை ஸ்டைலிஸ்ட்கள் சொல்வார்கள். படத்தில் பார்க்கும் சாம்பல் கலந்த பொன் நிறம் வேண்டுமென்றால் முடி அதுவரை போயாக வேண்டும். நடுவில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க வழியில்லை. எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்பது மட்டும்தான் நம் விருப்பம்.

என் விருப்பத்தைக் கேட்டால், நம் கருப்பு முடிக்கு 6 அல்லது 7இல் நிறுத்துவதே அழகு. கேரமல், தேன், காப்பர், செஸ்ட்நட் என்று பார்லர் அட்டையில் இருக்கும் நிறங்களெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவை முடிக்குள் ஏற்கெனவே இருக்கும் செம்மையோடு ஒத்துப்போகும். அந்தச் செம்மையை முழுக்க அடித்துத் துரத்த வேண்டிய தேவையே வராது. சாம்பல் நிறத்துக்கு ஆசைப்பட்டால், செம்மை ஒவ்வொரு தலைக்குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்; அதை மாதாமாதம் செலவு செய்து அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பெண்களுக்குச் சாம்பல் பொருந்தாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய பொறுமையையும் பணத்தையும் முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

2இலிருந்து 7க்கு ஐந்து படி. திறந்த காற்றில் அது நடக்காது. ப்ளீச் காய்ந்தால் அதன் வேலை நின்றுவிடும். அதனால் கையால் தீட்டிய பிறகு முடியை ஃபாயிலில் மடித்துவிடுகிறார்கள். உள்ளே ஈரமும் சூடும் தங்கி, கூடுதலாக ஏறும். இதை ஃபாயிலேஜ் என்பார்கள். மடிப்பதற்கு முன் வேர்ப் பக்க முடியைச் சீப்பால் எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. கோடு விழாமல் இருக்க அது. "பாலயாஜுக்கு ஃபாயிலே போட மாட்டாங்களாமே" என்று ஃபாயிலைக் கண்டதும் ஸ்டைலிஸ்டிடம் முகம் சுளிக்காதீர்கள். கருப்பு முடிக்கு அவர் சரியாகத்தான் செய்கிறார்.

டெவலப்பர் பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணையும் கேளுங்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. எண் கூடினால் வேகமும் கூடும், முடிக்கு ஏற்படும் சேதமும் கூடும். ஃபாயிலுக்குள் 20 வால்யூமை வைத்து, நேரம் எடுத்துக்கொண்டு, நடுநடுவே திறந்து பார்க்கும் ஸ்டைலிஸ்டை நான் நம்புவேன். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று 40ஐ எடுப்பவரிடம் முடியைக் கொடுக்க மாட்டேன்.

கருப்பு முடி பொன்னாகவே ஆகாதா என்றால், ஆகும். திருமலையிலும் பழனியிலும் காணிக்கையாகக் கொடுக்கப்படும் முடி ஏலம் போய், வெளிநாடுகளில் விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் விற்கப்படுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயமும் ரசாயனமும் படாத நீள முடிக்கு அங்கே தனி மதிப்பு. அந்த முடியிலிருந்துதான் உயர்ரகப் பொன்னிற எக்ஸ்டென்ஷன்கள் தயாராகின்றன. ஆனால் தரமான தொழிற்சாலைகளில் அதை நாள்கணக்கில், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நிறம் இறக்குகிறார்கள். உயிருள்ள தலையை அப்படி ஊற வைக்க முடியாது. நமக்கு இருக்கும் ஒரே வழி, அந்தப் பொறுமையைப் பல தவணைகளாகப் பிரித்துக்கொள்வது. முதல் முறை 6, இரண்டு மூன்று மாதம் முடியைத் தேற்றிவிட்டு அடுத்த முறை 8 என்று போகலாம். ஒரே நாளில் 9க்கு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நான் அதிகம் சொல்ல நினைக்கும் பகுதிக்கு வருகிறேன். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். 60 சென்டிமீட்டர் நீள முடியின் நுனி என்பது நாலைந்து வருஷத்துக்கு முன்பு தலையில் முளைத்தது. பாலயாஜ் தீட்டுவது அந்தப் பழைய பகுதியில்தான். அந்த நாலைந்து வருஷத்தில் நீங்கள் வைத்த மருதாணி, போட்ட கருப்பு டை, யாரோ சொன்னார்கள் என்று செய்துகொண்ட ஸ்மூத்தனிங், எல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. "இப்போ முடிக்கு எதுவும் போடலை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ப்ளீச்சுக்கு அந்த 'இப்போ' கணக்கில் இல்லை.

போன தீபாவளிக்கு முன்பு என் அக்கா மகள் ஃபோன் செய்தாள்.

"சித்தி, நாளைக்கு பாலயாஜுக்கு புக் பண்ணிட்டேன்."

"மருதாணி கடைசியா எப்போ வச்சே?"

"அது கலரே இல்லையே சித்தி, இலைதானே. அதைப் போய் எதுக்குச் சொல்லணும்?"

"இலையோ ரசாயனமோ, முடியில ஒட்டியிருக்கா இல்லையாடி? அவங்களுக்கு அதுதான் தெரியணும்."

மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. ஷாம்புவுக்குப் போகாது. ப்ளீச் வைத்தால் முடியின் மெலனின் உடையும். இந்தச் சிவப்பு அவ்வளவு சுலபமாக விடாது. விளைவு, பளீரென்ற ஆரஞ்சு. மருதாணிக்கு மேல் அவுரிப் பொடி பூசிக் கருமையாக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சிக்கல். அவுரியின் நீலம் உள்ளே தங்கியிருக்கும். வெளுக்கும்போது பச்சையாக எழும்பி வரும். இதையும்விட ஆபத்தானது, 'ஹென்னா' என்ற பெயரில் பாக்கெட்டில் வரும் சில கலப்புப் பொடிகள். உலோக உப்பு கலந்த பொடியாக இருந்தால், அது பெராக்சைடோடு சேரும்போது ஃபாயிலுக்குள் சூடு கிளம்பும். முடி பொசுங்கி அறுந்துபோகும் அளவுக்கு அது போகலாம். தோட்டத்து இலையை அரைத்து வைத்தீர்களா, பாக்கெட் பொடியா, என்ன பெயர் என்பதெல்லாம் அதனால்தான் முக்கியம். முடிந்தால் பாக்கெட்டையே கையோடு எடுத்துப் போங்கள். என் அக்கா மகள் புக்கிங்கைத் தள்ளிப்போட்டாள். முதலில் ஒரு சின்னக் கொத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நுனி நல்ல ஆரஞ்சில் போய் நின்றது. பொன் நிறத்தைக் கைவிட்டு, காப்பர் பக்கமாகப் போகலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அவளுக்கு அது அருமையாகப் பொருந்தியது.

கருப்பு டை போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சாயத்தின் மேல் இன்னொரு சாயம் போட்டால் நிறம் வெளுக்காது. பழைய சாயத்தை அகற்றித்தான் ஆக வேண்டும். மாதாமாதம் வேருக்கு மட்டும் போடாமல் நுனி வரை இழுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. நுனியில் சாயம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். ப்ளீச் அதில் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். இப்படிப்பட்ட முடிக்கு ஒரே அமர்வில் அழகான பாலயாஜ் வருவது அபூர்வம். நரைக்காகவே டை போடுகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பாலயாஜ் நரையை மூடாது. வேரை அது தொடுவதே இல்லை. ஆனால் அங்கங்கே கொஞ்சம் நரை இருக்கிறவர்களுக்கு, முகத்தை ஒட்டியும் வகிட்டை ஒட்டியும் மெல்லிய வெளிர் இழைகள் வந்தால், நரை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாமல் அவற்றோடு கலந்துவிடும். முழுக் கருப்பிலிருந்து மெல்ல விலக நினைக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் செய்த முடியில் ப்ளீச் வைப்பதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். முடிக்கு வலு தருவது அதன் உள்ளே இருக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள். ரீபாண்டிங் அந்தப் பிணைப்புகளை உடைத்துத்தான் முடியை நேராக்குகிறது. ப்ளீச்சும் அவற்றைத்தான் பதம் பார்க்கும். இரண்டும் ஒரே முடியில் விழுந்தால், நனைந்தவுடன் முடி ரப்பராக இழுபட்டு அறுந்துவிடும். 2014இல் ஓலாப்ளெக்ஸ் வந்த பிறகு, பிணைப்பைக் காக்கும் இத்தகைய கலவைகளை ப்ளீச்சோடு சேர்ப்பது சலூன்களில் வழக்கமாகிவிட்டது. சேதத்தைக் குறைக்க அவை உதவும். ஏற்கெனவே நைந்த முடியைப் புதுசாக்கிவிடும் என்று நினைத்து அவற்றை நம்பி இறங்காதீர்கள். ரீபாண்டிங் செய்த நீளம் வளர்ந்து, வெட்டுப்பட்டுப் போகும்வரை காத்திருங்கள்.

இவ்வளவையும் பார்லரில் வாயால் சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகும். சென்னையின் பெரிய சலூன்களில் வேலை செய்கிறவர்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். கைத்திறனில் அவர்களை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் நம் தமிழும் அவர்களுடைய இந்தியும் இரண்டு பேருடைய ஆங்கிலமும் கலந்து பேசும்போது, 'அவுரி' என்பதும் 'ரெண்டு வருஷம் முன்னாடி' என்பதும் எங்கோ விழுந்துவிடும். ஃபோனிலோ தாளிலோ வருஷவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். என்ன செய்தோம், எப்போது, எந்தப் பொருள், வேருக்கு மட்டுமா முழு நீளத்துக்குமா. ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதைக் கொடுத்த பிறகு படத்தைக் காட்டுங்கள். படமும், உங்கள் அளவு கருப்பான முடியில் செய்ததாக இருக்கட்டும். ஒன்றுக்கு இரண்டாக, வெயிலில் எடுத்தது ஒன்று, அறைக்குள் எடுத்தது ஒன்று. 'இது வேண்டவே வேண்டாம்' என்பதற்கும் ஒரு படம் வைத்துக்கொண்டால் பேச்சு இன்னும் தெளிவாகும்.

முடியை எப்படிக் கட்டுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பாலயாஜ் படங்களெல்லாம் விரித்துவிட்ட, லேசாகச் சுருட்டிய முடியில் எடுக்கப்பட்டவை. நீங்கள் தினமும் பின்னலோ கொண்டையோ போடுகிறவர் என்றால், மேலடுக்கில் மட்டும் தீட்டிய நிறம் பாதி நாள் கண்ணில் படாது. உள்ளடுக்குகளிலும் கொஞ்சம் தீட்டச் சொல்ல வேண்டும். பின்னலுக்குள் கருப்பும் தேனும் மாறி மாறி வரும் அழகு எனக்கு விரித்த முடியைவிடப் பிடிக்கும். வகிடு நடுவிலா, பக்கத்திலா என்பதும் முக்கியம். முகத்தை ஒட்டி வரும் வெளிர்ப் பட்டை அதைப் பொறுத்துத்தான் அமையும். தலைக்கு எண்ணெய் வைத்தே வெளியே போகும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட முடி ஒரு படி கருமையாகத்தான் தெரியும்.

கல்யாணப் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் பாலயாஜுக்குப் போகாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் சரிசெய்ய நேரம் வேண்டும். ஜடைக்கு வைக்கும் சவுரி கருப்பாக இருக்கும். உங்கள் நுனி தேன் நிறத்தில் அதற்கு நடுவே பிதுங்கித் தெரியும். ஜடை கட்டுகிறவரிடம் முன்பே சொல்லி, பொருத்தமான சவுரியோ பூஜடையோ ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வெளுத்த முடியை அலசிய பிறகு டோனர் போடுவார்கள். செம்மஞ்சளை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும். எதைப் போடுவது என்பது எந்தப் படியில் நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. இறுதி நிறத்தைத் தீர்மானிப்பது டோனர்தான், அதுதான் முதலில் கரைந்தும் போகும். ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும். அதனால்தான், 'பாலயாஜுக்குப் பராமரிப்பே வேண்டாம்' என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ப்ளீச்சுக்கு வருஷத்தில் இரண்டு முறை போனால் போதும்; டோனருக்கு நடுவில் போக வேண்டியிருக்கும். கடையில் எல்லோரும் வாங்குவது ஊதா ஷாம்பு. அது மஞ்சளான பொன் முடிக்கானது. நம் 6, 7ஆம் படி முடியில் எழும்பும் செம்பட்டைக்கு நீல ஷாம்புதான் வேலை செய்யும்.

விலையைக் கேட்கும்போது டோனர் சேர்த்தா, பிணைப்பு காக்கும் கலவை சேர்த்தா, வாஷ், ப்ளோ டிரை சேர்த்தா, ஜிஎஸ்டி சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மொத்தத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அடுத்த டோனருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

போகும் நாளுக்கு முந்தின நாள் ஷாம்பு போட்டு, எண்ணெயோ சீரமோ இல்லாமல் உலர்ந்த முடியோடு போங்கள். போர்த் தண்ணீரில் குளிக்கிறவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும். உப்புத் தண்ணீரின் கால்சியமும், இரும்பும், செம்பும் முடியில் படிந்துகொண்டே இருக்கின்றன. இரும்பும் செம்பும் பெராக்சைடோடு வினைபுரியக்கூடியவை; வெளுத்த முடி இன்னும் அதிகமாக அவற்றை உறிஞ்சி மங்கிப்போகும். உலோகப் படிவை நீக்கும் ஷாம்பு இருக்கிறது. ப்ளீச்சுக்கு முன் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை போதும். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அயர்ன் பண்ணினால் 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதீர்கள்.

தேங்காய் எண்ணெயை விட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விட வேண்டாம். 2003இல் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ரெலே, மோஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அலசுவதற்கு முன்போ பின்போ தடவினால், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும் நன்றாகக் குறைத்தது; வெளுத்த முடியிலும் அப்படியே. எண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தாலும், லாரிக் அமிலம் நிறைந்த அந்த எண்ணெய் முடிக்குள் புகுகிறது என்ற விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. தலைக்குக் குளிக்கும் முன் ஒரு மணி நேரம் நீளத்தில் தடவிவிட்டு அலசுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டோனர்களிலும் சாயங்களிலும் பிபிடி என்ற பாரா-ஃபெனிலின்டையமினோ அதன் உறவு ரசாயனங்களோ இருக்கலாம். கருப்பு ஹென்னா என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் அது உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அது போகாது. அடுத்த முறை முகமே வீங்கலாம். பிபிடி கலந்த சாயங்களின் உறையில், முன்சோதனை செய்யுங்கள் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று இந்தியச் சட்டமே சொல்கிறது. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் காத்திருப்பதுதான் அந்தச் சோதனை. ஆஸ்துமா இருக்கிறவர்கள் ஸ்டைலிஸ்டிடம் சொல்லி, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். ப்ளீச் பவுடரின் பெர்சல்ஃபேட் தூசி மூச்சிரைப்பைத் தூண்டும். நாளெல்லாம் அதைக் கலக்குகிற ஸ்டைலிஸ்ட்களுக்கே அதனால் ஆஸ்துமா வருவதுண்டு. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அவர்களை வேலை வாங்கும் கடையை நான் நல்ல கடை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். புக் பண்ணிய நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒருமுறை நேரில் போங்கள். எழுதி வைத்த தாளைக் கொடுங்கள். டோனரைக் காதுக்குப் பின்னால் தடவச் சொல்லுங்கள். பிடரிப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கொத்தை எடுத்து, அன்றைக்கு வைக்கப்போகும் அதே ப்ளீச்சை அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஸ்டைலிஸ்ட் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். "அதெல்லாம் தேவையில்லை மேடம், இப்பவே உட்காருங்க" என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள்.